மாலுமியார் தெருவில் நின்ற புயல்

கிளிஞ்சல்துறை மாலுமியார் தெருவுக்குள் அந்தப் புயல் நுழைந்தது ஒரு சனிக்கிழமை காலை, பால்காரர் வந்து போனதற்கும் மீன்காரி கூடையை இறக்குவதற்கும் இடைப்பட்ட நேரத்தில். கல்யாணப் பந்தல் ஒன்றின் அகலமும் பள்ளிவாசல் மினாராவின் உயரமும் அதற்கு இருந்தன. கடற்கரைப் பக்கமிருந்து, விலாசம் தெரிந்த விருந்தாளி போல அவசரமில்லாமல் நடந்து வந்து, முதல் வீட்டு முருங்கையை முறித்து, இரண்டாம் வீட்டுக் கொடியில் காய்ந்த கைலிகளை எடுத்துக்கொண்டு, மூன்றாம் வீட்டு வாசலில் சுற்றியபடி நின்றது. மேலே வானம் பளிச்சென்று வெயிலாக இருந்தது. வானிலை அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டதற்கு, வங்கக் கடலில் ஒன்றுமே இல்லை என்று பதில் வந்தது. அந்தப் பதிலில் பிழை இல்லை, ஏனென்றால் அது அட்லாண்டிக் கடலின் புயல், அதுவும் நூற்று அறுபது வருஷத்துக்கு முந்தியது. இந்த விவரம் தெரிந்த ஒரே ஒருத்தி, தெருவின் கடைசியில், பதினேழாம் நம்பர் வீட்டுச் சமையற்கட்டு மேஜையில் லாப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜுனைதா காரைக்காலில் பிரெஞ்சு படித்தவள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று, அந்தக் காலத்து அட்லாண்டிக் புயல்களையெல்லாம் ஒவ்வொன்றாக மறுபடி கட்டி எழுப்பிக்கொண்டிருந்தது. அன்றைக்கு வானத்தில் செயற்கைக்கோள் கிடையாது, ஆகவே புயலில் மாட்டிய கப்பல்களின் குறிப்பேடுகள்தான் சாட்சி. அந்தப் பக்கங்கள் படமாக வந்து சேரும். மணி என்ன, காற்று எந்தத் திசை, எவ்வளவு வேகம், காற்றழுத்தம் காட்டும் பாதரசம் எத்தனை மில்லிமீட்டர் என்று ஜுனைதா படித்துக் கட்டங்களில் நிரப்புவாள், வரைபடத்தில் புள்ளி வைப்பாள், புள்ளிகளைச் சேர்த்துப் புயல் நடந்த தடத்தைக் கண்டுபிடிப்பாள். மூன்று வருஷத்தில் பதினொரு புயல்களை அப்படி நடக்க வைத்திருக்கிறாள், ஒன்றுகூட வாசல் தேடி வந்ததில்லை. பன்னிரண்டாவது வந்தது, ஏனென்றால் அதன் குறிப்பேடு ‘லா கொன்ஸ்தான்ஸ்’ என்ற கப்பலுடையது.

அந்தப் பெயர் மாலுமியார் தெருவில் பேச்சு வராத பிள்ளைக்கும் தெரியும். அரிசியும் நீலத் துணியும் ஏற்றிக்கொண்டு மார்த்தினிக் தீவுக்குப் போன அந்தக் கப்பலில் தெருவின் ஆண்கள் பதினெட்டுப் பேர் வேலை பார்த்தார்கள். ஒரு சனிக்கிழமை விடிகாலை, சுபுஹு தொழுகை நேரத்தில் கப்பல் புயலில் மூழ்கியது. உயிரோடு கரை சேர்ந்தது வெள்ளைக்காரக் கப்பித்தானும், மாலுமிகளுக்குத் தலைவனான சாரங்கு காதர்சாவும் மட்டும். கப்பித்தான் விசாரணைக்கு முன்பே காய்ச்சலில் செத்துப்போனான்; அவன் காப்பாற்றிக் கொண்டுவந்த குறிப்பேட்டையும் சாரங்கு சொன்னதையும் வைத்துத் தீவின் கோர்ட்டு தீர்ப்பு எழுதியது. வெள்ளி இரவு எட்டு மணிக்குச் சுக்கான் பிடித்த சுக்கானி உதுமான் கப்பலை வடக்கே திருப்பினான், புயலும் வடக்கே வளைந்து வந்தது, அவன் கப்பலைக் கொண்டுபோய் அதன் வாயில் விட்டான் என்று.

உதுமானின் வீடுதான் பதினேழாம் நம்பர். யாரும் அந்த வீட்டைத் திட்டவில்லை, ஒதுக்கவில்லை, பெண் கொடுக்க மறுக்கவுமில்லை. மாலுமியார் தெரு நாகரிகமான தெரு. ஆனால் கல்யாணமோ, இறந்தவர் பேரில் ஓதும் கத்தமோ எதுவானாலும் அங்கே சாப்பாடு சஹனில்தான், நாலு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தாம்பாளத்தில் கை போட்டுச் சாப்பிட வேண்டும், அந்தச் சுக்கானி வீட்டு ஆண் உட்கார்ந்த சஹனில் மட்டும் வேறு வீட்டுக் கை விழாது. ஜுனைதாவின் வீட்டுக்காரரும் மருமகனும் கத்தாரில் இருந்தார்கள். ஊரில் இருந்த ஆண் அவளுடைய தம்பி நெய்னா ஒருவன்தான், அவன் ஒவ்வொரு விருந்திலும் நாலு பேர் சோற்றுக்கு முன்னால் தன்னந்தனியாக உட்கார்ந்து, ஒரு மூலையைத் தின்றுவிட்டு எழுந்து வருவான்.

புயல் எதனால் வந்தது என்று தெரு அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. வந்ததை என்ன செய்வது என்பதுதான் பேச்சாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் பெண்கள் அதன் ஓரத்தில் ஈரத் துணியைப் பிடித்துக் காயவைக்கக் கற்றுக்கொண்டார்கள். புயலின் நடுவில் கிணற்று வாய் அகலத்துக்குக் காற்றே இல்லாத இடம் ஒன்று இருக்கிறது, அங்கே ஈ கிடையாது என்று டீக்கடைக்காரர் கண்டுபிடித்து, எப்படியோ உள்ளே புகுந்து இரண்டு பெஞ்சியும் போட்டுவிட்டார், ஆனால் டீ குடிக்கப் போனவர்கள் நனையாமல் திரும்பவில்லை. புயலுக்குள்ளிருந்து கரும்புத் தோகையும் மரத்தாலான கூரைச் சில்லுகளும் வந்து விழுந்தன, அவற்றைப் பொறுக்கிக் கோழிக் கூடுகளுக்கு அண்டை கொடுத்தார்கள். கிராம நிர்வாக அலுவலர் படிவத்தோடு வந்தார். புயலின் பெயர், பிறந்த கடல் என்ற இரண்டு கட்டங்களையும் நிரப்ப முடியாமல், ‘உள்ளூர்க் காற்று’ என்று எழுதிவிட்டு மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே திரும்பிப் போனார்.

அதை நகர்த்துவது தான்தான் என்று ஜுனைதாவுக்கு மட்டும் தெரிந்தது, ஏனென்றால் ஞாயிறு மத்தியானம் அவள் கட்டத்தில் பாதரசம் எழுநூற்று நாற்பத்தொன்று என்று அடித்த நிமிஷத்தில் தெருவில் அத்தனை பேருக்கும் காது அடைத்தது. அடுத்த புள்ளியை வைத்துச் சேமித்தாள், புயல் ஐந்தாம் வீட்டுக்கு நகர்ந்தது. அதற்கடுத்த புள்ளிக்கு ஏழாம் வீடு. இறங்கிப் போய்த் தப்படி வைத்து அளந்தாள். வரைபடத்தின் ஒரு பாகைக்குத் தெருவில் பதினோரு தப்படி. கடற்கரை ஆப்பிரிக்காவாகவும், பள்ளிவாசல் நடுக்கடலாகவும், தெரு முட்டி நிற்கிற இடத்தில் இருந்த தன் வீடு தீவுகளுக்கு முந்தின கடலாகவும் இருப்பதை அவள் ஒரு காகிதத்தில் வரைந்து பார்த்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி வரைந்து பார்த்தாள். மாறவில்லை.

செவ்வாய்க்கிழமை புயல் பள்ளிவாசல் எதிரில் வந்து நின்றது. வரைபடத்தில் அது வியாழன் மத்தியானம். அடுத்த பக்கம் உதுமானைக் குற்றவாளியாக்கிய பக்கம், அதற்குமேல் அவளுக்கு எழுத வரவில்லை, எழுதாததால் அது நகரவில்லை, நகராததால் நாளுக்கு நாலு முழம் பெருத்தது. புதன்கிழமை அது தெருவின் அகலம் முழுவதையும் அடைத்துவிட்டது. ஆட்கள் கொல்லைச் சுவர் ஏறிக் குதித்து வெளியே போனார்கள், வந்தார்கள். ஜுனைதாவின் மகள் ருகையாவால் அது முடியாது. அவளுக்கு எட்டாம் மாதம். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, அலுங்காமல் படுத்தே இருக்க வேண்டும், ரத்தம் பட்டால் ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். புதன் காலையில் கொஞ்சம் ரத்தம் பட்டது. ஆம்புலன்ஸ் வந்து, புயலுக்கு அந்தப் பக்கம் நின்று, விளக்கைச் சுழற்றிவிட்டுத் திரும்பிப் போனது.

அன்றைக்குத்தான் ஜுனைதா குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தை நூறாவது முறையாகப் படித்தாள். வெள்ளி, இரவு எட்டு: சுக்கானியின் யோசனைப்படி வடக்கே திரும்பினோம். அதற்குக் கீழே, கோர்ட்டு எழுத்தர் ‘களைத்த மனிதனின் கைத்தவறு’ என்று ஓரத்தில் எழுதி ஒதுக்கிவிட்ட ஒரு வரி: சனி, பகல் ஒரு மணி: துறைமுகம் சீக்கிரம் சேர, என் உத்தரவின்படி மறுபடி தெற்கே. சனிக்கிழமை விடிகாலையில் மூழ்கிய கப்பல், பகல் ஒரு மணிக்குக் கடலுக்கு அடியில் கிடந்துகொண்டு எந்தப் பக்கம் திரும்பும்? கேள்வி கேட்ட வாயோடு அவளுக்குப் பதிலும் கிடைத்தது. பழைய காலத்துக் கப்பித்தான்களுக்கு நாள் நள்ளிரவில் பிறக்காது, முந்தின நாள் நண்பகலில் பிறந்துவிடும். சூரியனை உச்சியில் அளந்ததும் தேதியை மாற்றுவார்கள். அவன் எழுதிய வெள்ளி இரவு, தரையில் இருப்பவர்களுக்கு வியாழன் இரவு. அவன் எழுதிய சனி பகல், வெள்ளிக்கிழமை பகல்.

அப்படியானால் உதுமான் வியாழன் இரவே கப்பலைப் புயலின் பாதையிலிருந்து விலக்கிவிட்டார். கப்பித்தான்தான் அவசரப்பட்டு மறுநாள் பகலில் திரும்பக் கொண்டுபோய் அதற்குள் விட்டான். புயல் வடக்கே வளையவே இல்லை, தீர்ப்புக்குத் தோதாக எழுத்தர்தான் அதை வளைத்தார். அந்தச் சனிக்கிழமை வடக்குப் பக்கக் கடலில் போய்க்கொண்டிருந்த டென்மார்க்குக் கப்பல் ஒன்றின் குறிப்பேடும் ஜுனைதாவிடம் இருந்தது, அதில் ‘இளங்காற்று, தெளிந்த வானம்’ என்று இருந்தது. புயல் நேராக மேற்கே போயிருக்கிறது. மேற்கே என்றால், தெருக்கணக்கில், பள்ளிவாசலிலிருந்து நேராகப் பதினேழாம் நம்பர் வீட்டுக்கு.

“கோர்ட்டு சொன்னபடியே வடக்கால வளைச்சு விட்டுடு லாத்தா,” என்றான் நெய்னா. “பள்ளிவாசலுக்குப் பக்கத்துச் சந்து வழியா உப்பங்கழிக்குப் போயி ஒழிஞ்சு போவுது. நான் இத்தனை காலம் தனியாத் தின்னவன், இனியும் தின்னுட்டுப் போறேன். புள்ளயப் பாரு.”

வியாழக்கிழமை சாயங்காலம், அஸர் தொழுகைக்குப் பிறகு, சாரங்கு காதர்சாவின் வாரிசும் ஜமாஅத் தலைவருமான அபுல் பரக்கத் கொல்லைச் சுவர் ஏறி வந்தார். அறுபது வயதில் சுவர் ஏறியதில் முழங்கை சிராய்த்திருந்தது.

“ஜுனைதா, இது ஒன் கையில இருக்குன்னு ஊரே சொல்லுது. வடக்கால அனுப்பிடு. ஒரு வீட்டுக்கும் சேதமில்ல.”

“அது வடக்கே போகலை நானா.”

“கோர்ட்டே எழுதியிருக்கு. எங்க பூட்டனாரு காதர்சாவும் அதைத்தானே சொன்னாரு, வெள்ளி ராவு இஷாவுக்குப் பொறவு சுக்கானி திருப்பினாருன்னு. அவரு பொய் சொல்ல மாட்டாரு.”

“பொய்யே சொல்லலை, கோர்ட்டு கேட்ட ராத்திரியை மட்டும் சொன்னாரு,” என்றாள் ஜுனைதா. பக்கத்தைத் திருப்பிக் காட்டி, இரண்டு வரிகளையும் தமிழில் படித்துச் சொன்னாள், நண்பகலில் பிறக்கிற நாளைப் பற்றியும் சொன்னாள். பிறகு கேட்டாள், “நமக்கு நாள் எப்பப் பொறக்குது நானா?”

மாலுமியார் தெருவில் நாள் மக்ரிபில் பிறக்கும். சூரியன் அடைந்ததும் மறுநாள். பரக்கத் வீட்டில் வெள்ளி இரவு யாசீன் ஓதுவது வியாழக்கிழமை மக்ரிபுக்குப் பிறகுதான், அவருடைய அத்தா காலத்திலும் அப்படித்தான், அவருடைய பூட்டனாரின் காலத்திலும் அப்படித்தான். கப்பித்தானும் சாரங்கும் வேறுவேறு வழியில் எண்ணி ஒரே இரவைத்தான் சொல்லியிருக்கிறார்கள், நள்ளிரவில் நாளை மாற்றுகிற எழுத்தர் அதை ஒரு நாள் தள்ளி எழுதிக்கொண்டார். அந்த ஒரு நாளுக்காக நூற்று அறுபது வருஷம் ஒரு வீட்டு ஆண்கள் தனியாகச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

பரக்கத் எழுந்தார். ஆறிக்கொண்டிருந்த டீயைத் தொடவில்லை. சுவர் ஏறிப் போய்விட்டார். போனவர் கோபமாகப் போகிறாரா வெட்கப்பட்டுப் போகிறாரா என்று ஜுனைதாவால் கண்டுபிடிக்க முடியவில்லை, பயமாகத்தான் இருந்தது.

மக்ரிபு பாங்கு சொன்னது. ஊர்க்கணக்குப்படி வெள்ளி பிறந்துவிட்டது. உள்ளறையில் ருகையா இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினாள். ஜுனைதா வரைபடத்தின் முன் உட்கார்ந்து, தன் மூன்று வருஷ வேலையில் செய்யாத ஒன்றைச் செய்தாள். வடக்கே வைக்கப் புள்ளி வேண்டும், புள்ளிக்கு எண் வேண்டும், வடக்கில் எந்தக் கப்பலும் அப்படியொரு எண்ணைத் தரவில்லை. ஆகவே காற்று வேகம் ஒன்பது, திசை கிழக்கு, பாதரசம் எழுநூற்று முப்பத்தெட்டு என்று தானே கற்பனையாக அடித்துச் சேமித்தாள். புயல் மறுப்புச் சொல்லவில்லை. வடக்கே மூன்று தப்படி நகர்ந்தது. தெருவில் யாரோ அல்ஹம்துலில்லாஹ் என்று சத்தமாகச் சொன்னது கேட்டது.

“உம்மா,” என்று கூப்பிட்டாள் ருகையா. “சத்தம் தூரமாப் போவுதே. என்ன செஞ்சிய?”

“ஒண்ணுமில்ல. படு.”

“வடக்கால திருப்பிட்டியளா?” ருகையா வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: “ஆம்புளப் புள்ளயாப் பொறந்தா, நெய்னா மாமா மாதிரி அவனும் தனியாத் தின்னட்டுமா? நான் பெத்து வளத்து, சட்டை போட்டு, அங்ஙன அனுப்பி, நாலு பேர் தட்டுல தனியா உக்காருன்னு சொல்லணுமா?”

“நீயும் புள்ளயும் இருந்தாத்தானே அதெல்லாம்.”

“அது வந்தா நடுவுல காத்து இருக்காதுன்னு சொன்னியளே. நடு எங்க விழும்?”

ஜுனைதா அதை அளந்து வைத்திருந்தாள், ஆனால் வாய்விட்டுச் சொல்லப் பயந்திருந்தாள். மேற்கே போகும் கோடு, இரண்டு விரல் பிசகினால் புயலின் சுழலும் சுவரே வீட்டை இடிக்கும், பிசகாவிட்டால் புயலின் நடு, இப்போது வீட்டளவு பெருத்துவிட்ட அந்த அமைதியான கிணற்று வாய், சரியாக இந்த வீட்டின் மேல் வந்து கடக்கும். தன் புள்ளிகளை அவள் எவ்வளவு நம்புகிறாள் என்பதுதான் இப்போது கேள்வி. முன் காற்று கூரையைத் தூக்காமல் இருக்க வேண்டும், பின் காற்று சுவரைத் தள்ளாமல் இருக்க வேண்டும். பொய்யாக எழுதிய எண்களை அவள் ஒவ்வொன்றாக அழித்தாள். புயல் மூன்று தப்படி திரும்பி வந்து நின்றது, தெருவில் யாரும் எதுவும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை சுபுஹு முடிந்து வெளிச்சம் வரும்போது கூரை மேல் ஆள் நடக்கிற சத்தம் கேட்டது. வெளியே ஓடிப் பார்த்தாள். அபுல் பரக்கத் தன் கிடங்கிலிருந்து தோணி கட்டும் வடங்களைக் கொல்லை வழியாகக் கொண்டுவந்து இறக்கியிருந்தார், தெருவின் ஆண்கள் இருபது முப்பது பேர் அவற்றைக் கூரையின் மேல் குறுக்கும் நெடுக்கும் எறிந்து, தென்னை மரங்களில் சுற்றி, முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்கள் கொல்லையில் மூன்று அடுப்பு மூட்டி, வேலை செய்கிறவர்களுக்கு நெய்ச்சோறு ஆக்கிக்கொண்டிருந்தார்கள். ராவெல்லாம் வீடு வீடாகச் சுவர் ஏறிக் குதித்து அவர் என்ன சொன்னார் என்று அவள் கேட்கவில்லை. அவருடைய இரண்டு முழங்கையும் இப்போது சிராய்த்திருந்தன.

“ஒரு வடம் கொறயுது, மிச்சமெல்லாம் ஆச்சு,” என்றார் அவர், அவள் முகத்தைப் பார்க்காமல். “ஜும்ஆ தொழுகைக்கு முன்ன முடிச்சுடு. எழுது.”

பத்து மணிக்கு ருகையாவை உள்ளறையில், சுண்ணாம்புச் சுவரோடு ஒட்டிய கட்டிலில் படுக்க வைத்து, ஜுனைதா எழுதத் தொடங்கினாள். வியாழன் மாலை நாலு மணி, காற்று வடகிழக்கு, பாதரசம் எழுநூற்று முப்பத்தாறு. பன்னிரண்டாம் வீட்டு ஓடுகள் போயின. வியாழன் இரவு எட்டு, எழுநூற்று இருபத்தொன்பது. பதினாலாம் வீட்டு மாமரம் வேரோடு எழுந்து தெருவின் குறுக்கே சாய்ந்தது. வெள்ளி நண்பகல், எழுநூற்றுப் பதினெட்டு என்று அடிக்கும்போது அவளுக்குக் காதுக்குள் வலித்தது, சமையற்கட்டு ஜன்னல் உள்ளே வந்து விழுந்தது. லாப்டாப்பை மடியில் அணைத்துக்கொண்டு, உள்ளறைக்குள் ஓடி, மகளின் காலடியில் உட்கார்ந்து மிச்சத்தை எழுதினாள். கூரை எழுந்தது, வடங்கள் முனகின, கூரை உட்கார்ந்தது, எழுந்தது, உட்கார்ந்தது. ருகையா தாயின் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். சனி, சுபுஹு நேரம் என்று எழுதி, கடைசிப் புள்ளியை வைத்து, ஜுனைதா சேமித்தாள். எழுத இனி எதுவும் மிச்சமில்லை, தடம் முடிந்த புயல் இனித் தன் வழியே போகும்.

காற்று நின்றது.

ஓட்டு இடுக்கில் வெயில் இறங்கியது. வீட்டைச் சுற்றிச் சாம்பல் நிறச் சுவர் ஒன்று சத்தத்தோடு சுழன்றுகொண்டிருக்க, வீட்டுக்குள் ஒரு இலை அசையவில்லை. ருகையாவின் வயிற்றில் பிள்ளை உதைத்ததை ஜுனைதா தன் உள்ளங்கையில் உணர்ந்து, அப்போதுதான் அழுதாள். மேற்குப் பாதிக் கூரையைப் பின் காற்று கொண்டுபோகப் போகிறது, அதற்குப் பிறகு புயல் வீட்டைத் தாண்டித் தீவுகள் இருக்க வேண்டிய தென்னந்தோப்பில் கரைந்துபோகப் போகிறது, ஆம்புலன்ஸ் விழுந்த மாமரம் வரை வந்து நிற்கப் போகிறது, ருகையாவைக் கட்டிலோடு தூக்கிப் போக ஆறு பேர் வரப் போகிறார்கள். இதெல்லாம் நடந்தது, தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அந்தத் தெருவின் ஆட்கள் எப்போதும் முதலில் சொல்வது, புயலின் நடுவில் காற்றில்லாமல் இருந்த அந்தக் கால் மணி நேரத்தைத்தான்.

கூரையை விட்டு ஓடத் தவறிய ஆண்கள் சிலர் கூடத்தில் ஒண்டியிருந்தார்கள். கொல்லையிலிருந்து காப்பாற்றி உள்ளே இழுத்துவந்த நெய்ச்சோற்றுத் தேக்சா அண்டா மூலையில் இருந்தது. சாப்பிடும் தாம்பாளங்களில் ஒன்றே ஒன்றுதான் மிஞ்சியது, ஒரு சஹன். யாரோ அதில் சோற்றைக் கொட்டிக் கறியை மேலே வைத்தார்கள். நெய்னா பழக்கத்தில் அதன் ஒரு மூலையில் உட்கார்ந்துவிட்டு, அப்புறம்தான் வேறு சஹன் இல்லை என்பதைக் கவனித்து, எழுந்திருக்கப் பார்த்தான். அபுல் பரக்கத் அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தார். தானும் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். டீக்கடைக்காரர் ஒரு பக்கம் உட்கார்ந்தார், வடம் கட்டிய இன்னொருவர் அடுத்த பக்கம் உட்கார்ந்தார். உள்ளறை வாசலில் நின்று ஜுனைதா எண்ணினாள். நாலு கை.

கிழக்கே புயலின் சுவர் நெருங்கிக்கொண்டிருந்தது, அதன் இரைச்சலில் தாம்பாளம் அதிர்ந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. பரக்கத் இருப்பதிலேயே பெரிய கறித்துண்டை எடுத்து நெய்னாவின் பக்கம் தள்ளினார்.

“பிஸ்மி சொல்லித் தின்னு மாப்ள,” என்றார். “காத்து வருது.”